காணாமல் போன சர்வர்
(நெட்வொர்க் சொற்கள் பற்றி ஒரு பாடம்)



கணினியைப் பற்றி எழுதச் சொல்லி தமிழ் டீச்சர் என்னிடம் தாளைக் கொடுத்தாங்க. "கணினியின் தந்தை சார்லஸ் பாபேஜ்" என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். அதைத்தான் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த ஐப்பசி மழையில் எங்கள் வகுப்பு மேல் வந்த ஒரு பழியையும், அது தீர்ந்த விதத்தையும் எழுதுகிறேன். அதைச் சொன்னால் கஷ்டமான சொற்களும் கூடவே புரிந்துவிடும். நான்கு தாள் வந்துவிட்டது, பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் நடந்தது

நம் கணினி அறையில் பத்து கம்ப்யூட்டர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மூலையில் தனியாக ஒன்று இருக்கிறதே, அதுதான் சர்வர். பாட வீடியோக்களும் வினாடி வினாவும் அதற்குள்தான் இருக்கின்றன. மற்ற பத்தில் எதில் உட்கார்ந்து "பாடம்" என்ற படத்தை அழுத்தினாலும் அதிலிருந்துதான் வரும்.

ஒரு வியாழக்கிழமை கடைசி பீரியட் நாங்கள், அதாவது ஒன்பதாம் வகுப்பு, அங்கே இருந்தோம். அன்று ராத்திரி பெரிய மழை. டிரான்ஸ்ஃபார்மர் போய் மூன்று நாள் ஊரிலேயே கரண்ட் இல்லை. திங்கட்கிழமை எட்டாம் வகுப்பு உள்ளே போனபோது பத்து கம்ப்யூட்டரிலும் பாடம் திறக்கவில்லை. ரிஜிஸ்டரில் கடைசியாக எங்கள் வகுப்பு பெயர் இருந்தது. "ஒன்பதாவது பிள்ளைங்க எதையோ நோண்டி வச்சிட்டுதுங்க, கேபிளைப் புடுங்கிட்டுதுங்க" என்று பேச்சு வந்தது. அறையைப் பூட்டினார்கள். இரண்டு வாரம் எங்களுக்கு கம்ப்யூட்டர் பீரியட் கிடையாது.

நாங்கள் எதையும் தொடவில்லை. ஆனால் தொடவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

என் பெரியம்மா மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவு படிக்கிறாங்க. போனில் அக்காவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஸ்கிரீன்ல என்ன எழுத்து வந்துச்சு பாப்பா?" என்பதுதான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வேலை செய்யலக்கா" என்றேன். "வயித்து வலின்னு மட்டும் சொன்னா டாக்டர் என்ன மருந்து குடுப்பாரு? எந்த இடம், எப்போதிருந்துன்னு சொல்லணும். அதுக்கு முதல்ல சொல்லு பழகணும். ஒரு நோட்டு எடு" என்றாங்க. மூன்று ராத்திரி போனில் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சொற்களைப் படிப்போம்

1. சர்வர், கிளையன்ட்

பந்தியில் பரிமாறுகிறவர் சர்வர். இலை போட்டு உட்கார்ந்து கேட்கிறவர் கிளையன்ட். தமிழில் சர்வரை வழங்கி என்றும் சேவையகம் என்றும் சொல்கிறோம். சர்வர் என்றால் பெரிய பெட்டி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு புரோகிராம் எந்தக் கம்ப்யூட்டரில் காத்துக்கொண்டிருக்கிறதோ, அது சர்வர். சாதாரண கம்ப்யூட்டரையும் சர்வர் ஆக்கலாம்.

2. ஐ.பி. முகவரி

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும். 192.168.1.101 என்பது போல நான்கு எண்கள், நடுவில் புள்ளி. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரைதான் இருக்கலாம். ஏன் 255? ஒரு எண்ணுக்கு 8 பிட் இடம். ஒரு பிட்டில் 0 அல்லது 1. 2ஐ எட்டு முறை பெருக்கினால் 256. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் கடைசி 255. நான்கும் சேர்ந்து 32 பிட். இந்த முறையில் மொத்தம் 429 கோடிக்குச் சற்று மேல் முகவரிகள்தான் உண்டு. இது 1981இல் எழுதப்பட்ட விதி. உலகத்துக்குப் போதவில்லை என்பதால் 128 பிட் உள்ள புது முறையும் வந்து, இப்போது இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

192.168 என்று தொடங்கும் முகவரி நம் பள்ளியிலும் இருக்கும், பக்கத்து ஊர் பள்ளியிலும் இருக்கும். குழப்பம் வராதா? வராது. நம்ம ஊரிலும் மாரியம்மன் கோவில் தெரு உண்டு, அடுத்த ஊரிலும் உண்டு இல்லையா? அதுபோல இவை உள்ளூர் உபயோகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த முகவரிகள். வெளியே இன்டர்நெட்டில் இவை செல்லாது.

3. மேக் முகவரி

இது வேறு. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அட்டையில் கம்பெனியிலேயே பதித்து அனுப்பும் அடையாளம். நம்முடைய டி.சி.யில் "அங்க அடையாளம்" என்று மச்சத்தை எழுதுவார்களே, அப்படி. வீடு மாறினால் முகவரி மாறும், மச்சம் கூடவே வரும்.

4. சப்நெட் மாஸ்க்

எனக்கு ரொம்ப நாள் புரியாதது இதுதான். 255.255.255.0 என்று எழுதியிருக்கும். 255 இருக்கும் இடமெல்லாம் தெருப் பெயர், 0 இருக்கும் இடம் கதவு எண் என்று அக்கா சொன்னதும் பளிச்சென்று புரிந்தது. அதாவது 192.168.1 என்பது தெரு, 101 என்பது கதவு எண். கடைசி எண்ணில் 0 தெருவையே குறிக்கும். 255 தெருவில் உள்ள எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட. மீதி 254 கம்ப்யூட்டருக்குக் கொடுக்கலாம்.

5. கேட்வே

ஒரே தெருவில் இருப்பவருக்கு நாமே நடந்து போய்க் கொடுத்துவிடலாம். வேறு ஊருக்கு என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். நெட்வொர்க்கின் பஸ் ஸ்டாண்ட்தான் கேட்வே. தமிழில் நுழைவாயில். நம் அறையில் சுவரில் மாட்டியிருக்கும் ரூட்டர்தான் கேட்வே, அதன் முகவரி 192.168.1.1. சேர வேண்டிய இடம் நம்ம தெருவா வெளியூரா என்று பார்க்கத்தான் கம்ப்யூட்டருக்கு மாஸ்க் தேவைப்படுகிறது.

6. டி.என்.எஸ்.

போனில் "அம்மா" என்று தேடி அழுத்துகிறோம், எண்ணை மனப்பாடம் செய்வதில்லை. அதுபோல நாம் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைத் தேடிச் சொல்வது டி.என்.எஸ்.

7. டி.எச்.சி.பி.

எங்கள் பழியைத் தீர்த்த சொல் இதுதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் முகவரியைக் கையால் எழுதுவது பெரிய வேலை. தப்பாக எழுதினால் இரண்டுக்கு ஒரே எண் வந்துவிடும். அதனால் ரூட்டரே எண் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று 1993இல் வந்தது. அதுதான் டி.எச்.சி.பி. ஆஸ்பத்திரியில் ஓ.பி. டோக்கன் கொடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் விழித்ததும் "எனக்கு ஒரு எண் வேணும், யாராவது இருக்கீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தும். ரூட்டர் "இந்தா, இந்த எண் காலியா இருக்கு" என்று நீட்டும். கம்ப்யூட்டர் "சரி, அதையே எடுத்துக்கறேன்" என்று சொல்லும். ரூட்டர் "பதிவு பண்ணியாச்சு" என்று முடிக்கும்.

ஆனால் அந்த எண் சொந்தம் இல்லை. நூலகப் புத்தகம் மாதிரி தவணைக்குத்தான். இதை லீஸ் என்பார்கள். தவணை முடிவதற்குள் புதுப்பிக்கணும். கம்ப்யூட்டர் அணைந்தே கிடந்தால் தவணை தீர்ந்து, அந்த எண் வேறு யாருக்காவது போகலாம்.

இதற்கு எதிர்ச்சொல் ஸ்டேட்டிக் முகவரி. கையால் எழுதி வைத்த நிலையான முகவரி. டோக்கன் இல்லை, வீட்டுக் கதவு எண்.

8. போர்ட், ஃபயர்வால்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒரே கட்டடம்தான். ஆனால் ஊசி ஒரு அறை, மருந்து ஒரு ஜன்னல், சீட்டு ஒரு ஜன்னல். அதுபோல ஒரே கம்ப்யூட்டருக்குள் பல ஜன்னல்கள் உண்டு. அவைதான் போர்ட். 0 முதல் 65535 வரை எண் போட்டிருக்கும். வெப் பக்கத்துக்கு 80, பூட்டிய பாதுகாப்பான வெப் பக்கத்துக்கு 443, டி.என்.எஸ்.க்கு 53. எந்த ஜன்னலுக்கு யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்க்கும் காவலாளிதான் ஃபயர்வால்.

இங்கே அக்கா சொன்ன ஒரு நுணுக்கம். "மறுத்துவிட்டது" என்று செய்தி வந்தால், அநேகமாகக் கட்டடத்தில் ஆள் இருக்கிறது, அந்த ஜன்னல் மட்டும் மூடியிருக்கிறது என்று அர்த்தம். "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால் பதிலே வரவில்லை. கட்டடமே இல்லாமல் இருக்கலாம், இல்லை காவலாளி சத்தமே காட்டாமல் தடுத்திருக்கலாம். இரண்டும் "வேலை செய்யல"தான், ஆனால் காரணம் வேறு வேறு.

9. பிங்

"இருக்கியா?" என்று கேட்பது பிங். "இருக்கேன்" என்று பதில் வரும், எத்தனை மில்லி விநாடியில் வந்தது என்றும் காட்டும். அவ்வளவுதான். இருக்கிறது என்று மட்டும் சொல்லும், இருப்பது யார் என்று சொல்லாது. இதை மறக்காதீர்கள், கீழே வருகிறது.

நாங்கள் கண்டுபிடித்த விதம்

நோட்டை எடுத்துக்கொண்டு நானும் என் தோழியும் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு சாரிடம் போனோம். பயமாகத்தான் இருந்தது. "சார், நாங்க எதையும் தொட மாட்டோம். நீங்களே அழுத்துங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்று கேட்டோம். சார் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் படித்துப் பார்த்தார். புதன்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்தில் அறையைத் திறந்தார்.

முதல் படி: ஒன்றாம் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பக்கம் ஒன்றைத் திறந்தோம். வந்தது. அப்படியானால் அதன் கேபிள், கேட்வே, டி.என்.எஸ். மூன்றும் சரி. சர்வரிலும் திறந்தோம். அதிலும் வந்தது. ஆகவே கேபிளை யாரும் பிடுங்கவில்லை.

இரண்டாம் படி: "பாடம்" படத்தை அழுத்தினோம். "மறுத்துவிட்டது" என்ற பொருளில் செய்தி வந்தது. அந்தப் படம் எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்தோம். 192.168.1.101.

மூன்றாம் படி: அந்த முகவரிக்கு பிங் கொடுத்தோம். நான்கு தடவையும் பதில் வந்தது. சார், "பதில் வருதேம்மா, சர்வர் நல்லாத்தானே இருக்கு?" என்றார். எங்களுக்கும் ஒன்றும் ஓடவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. என் தோழிதான் நோட்டைத் திருப்பி, பிங் யார் என்று சொல்லாது என்ற வரியைக் காட்டினாள்.

நான்காம் படி: மூலையில் இருக்கும் சர்வரிலேயே அதன் முகவரியைப் பார்த்தோம். 192.168.1.105 என்று இருந்தது! பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்து அட்டவணை போட்டேன். 101ஆம் எண் நான்காம் கம்ப்யூட்டரிடம் இருந்தது.

ஐந்தாம் படி: ஒன்றாம் கம்ப்யூட்டரில் 192.168.1.105 என்று சார் தட்டினார். பாடம் திறந்தது.

புரிந்ததா தோழிகளே? சர்வரும் டி.எச்.சி.பி. டோக்கனில்தான் இருந்திருக்கிறது. முதலில் பொருத்திய அன்று அதற்கு 101 கிடைத்தது. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த எண்ணையே எழுதிவிட்டார்கள். மூன்று நாள் கரண்ட் போனதில் தவணை தீர்ந்தது. ரூட்டரும் அணைந்து பழைய பதிவை மறந்தது. திங்கட்கிழமை நான்காம் கம்ப்யூட்டரை முதலில் போட்டிருக்கிறார்கள், அதற்கு 101 போய்விட்டது. சர்வரைப் பிறகு போட்டார்கள், அதற்கு 105. பத்துப் பேரும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேறு ஆள் குடி வந்துவிட்டது. அந்த ஆளிடம் 80ஆம் ஜன்னல் இல்லை, அதனால் மறுத்தது. (சில ரூட்டர்கள் அணைந்தாலும் பதிவை மறக்காது. நம்முடையது மறக்கும் வகை.)

இதில் தப்பு யாருடையது? நாங்களும் இல்லை, எட்டாம் வகுப்பும் இல்லை. எல்லோரும் தேடி வருகிற ஒருவருக்கு மாறும் முகவரி கொடுத்ததுதான் தப்பு. கேட்டு வாங்குகிறவர் டோக்கனில் இருக்கலாம். பரிமாறுகிறவர் இடம் மாறக்கூடாது. நான் படித்த ஒன்பது சொற்களில் கிடைத்த ஒரே பாடம் இதுதான்.

சரிசெய்த விதம்

ரூட்டர் 100 முதல் 199 வரை மட்டுமே டோக்கன் கொடுக்கிறது. அதற்கு வெளியே ஒரு எண்ணை சார் சர்வருக்கு நிலையாக எழுதினார். உள்ளே இருக்கும் எண்ணைக் கொடுத்தால் ரூட்டர் அதையே வேறு யாருக்காவது நீட்டிவிடும். எழுதியது நான்கே வரி:

ஐ.பி. முகவரி: 192.168.1.10
சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே: 192.168.1.1
டி.என்.எஸ்.: 192.168.1.1

பிறகு பத்து கம்ப்யூட்டரிலும் "பாடம்" படத்துக்கு இந்தப் புது முகவரியைக் கொடுத்தார். இன்னொரு வழியும் உண்டு. சர்வரின் மேக் முகவரியை ரூட்டரில் பதிந்து, "இந்த மச்சம் உள்ளவருக்கு எப்போதும் இதே எண்" என்று ஒதுக்கி வைக்கலாம். இதற்கு ரிசர்வேஷன் என்று பெயர்.

எல்லாம் முடிந்ததும் சார் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து அவர் கையாலேயே எழுதினார்: "கோளாறு, சர்வர் முகவரி மாறியது. 9ஆம் வகுப்பு மேல் தவறில்லை." கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பீரியட் திரும்பக் கிடைத்தது. சர்வர் பெட்டி மேல் அதன் முகவரியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டும் வேலையையும் எங்களிடமே கொடுத்தார். நீங்கள் இப்போது பார்க்கும் அந்தச் சீட்டு என் கையெழுத்துதான்.

தெரியுமா உங்களுக்கு?

* உலகின் முதல் வெப் சர்வர் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் 1990இல் ஓடியது. அதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ் லீ. இது சர்வர், அணைக்காதீர்கள் என்று அந்தப் பெட்டி மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள், சிவப்பு மையில், கையால் எழுதி!

* டி.என்.எஸ். வருவதற்கு முன்பு அமெரிக்காவின் நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் முகவரியும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன. அதைப் பராமரித்த குழுவுக்குத் தலைவர் ஒரு பெண், எலிசபெத் ஃபெயின்லர். பட்டியல் பெருத்துக்கொண்டே போனதால் 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார்.

* பிங் புரோகிராமை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மியூஸ். கடலுக்குள் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டறிய ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்கள். அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார்.

* சர்வரில் பின்னால் காத்திருக்கும் புரோகிராமுக்கு டீமன் என்று பெயர். பேய் இல்லை, பயப்படாதீர்கள்! இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும் ஒரு சின்ன ஆளை நினைத்து வைத்த பெயர்.

விடை சொல்லுங்கள் பார்ப்போம்

1. மாஸ்க் 255.255.255.0. உங்கள் முகவரி 192.168.1.20. தோழியின் முகவரி 192.168.2.20. இருவரும் ஒரே தெருவா?
2. பிங்குக்குப் பதில் வருகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை. எந்த இரண்டைச் சந்தேகப்படுவீர்கள்?
3. ஒரு கம்ப்யூட்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருக்கிறது. என்ன நடந்திருக்கும்?

(விடைகள்: 1. இல்லை, கேட்வே வழியாகத்தான் போகணும். 2. அந்த முகவரியில் இருப்பது நாம் தேடும் ஆள்தானா என்பது ஒன்று, அந்த போர்ட் திறந்திருக்கிறதா என்பது இன்னொன்று. 3. டோக்கன் கேட்டும் டி.எச்.சி.பி. பதில் தரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டது. கேபிளையும் ரூட்டரையும் பாருங்கள்.)

தம்பி தங்கைகளே, இனி கம்ப்யூட்டர் நின்றால் "கெட்டுப்போச்சு" என்று ஓடாதீர்கள். ஸ்கிரீனில் வந்த எழுத்தை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதுங்கள், அப்புறம் சாரைக் கூப்பிடுங்கள். கடைசியாக யார் இருந்தார்கள் என்று ரிஜிஸ்டரைப் பார்ப்பதற்கு முன், என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

பிழை இருந்தால் பொறுத்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் திருத்திவிடவும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி